வான்கோழியும் மயிலும்: குடற்புழு நீக்கமும் குஞ்சு பேணலும்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் சிலர் தம் வளவில் ஏழெட்டு வான்கோழிகளையும் வளர்த்து வருகின்றனர். நத்தார்ப் பண்டிகைக் காலத்தில் இவை நல்ல விலைக்குப் போகும். அக்காலம் கமக்காரர் கையிற் பணம் இல்லாத காலமுமாகும். உழவுகூலி, விதைநெல், பசளை என்று காலபோக வயலுக்கு எல்லாம் செலவழிந்திருக்கும்; அறுவடைக்கோ இன்னும் ஓரிரு மாதங்கள் இருக்கும். அவ்வேளையில் ஐந்தாறு வான்கோழிகளை விற்று வரும் பணம் ஒரு குடும்பத்தைக் கடனிலிருந்து காக்க வல்லது.

ஆயினும், வைகாசியிற் பொரித்த பன்னிரண்டு குஞ்சுகளுள் மூன்றோ நான்கோ மட்டுமே மார்கழி வரை உயிர் வாழ்ந்ததாகச் சொல்லும் வீடுகள் பல. இரண்டாம் மூன்றாம் மாதத்தில், நன்றாய் இரை மேய்ந்து திரிந்த குஞ்சுகள் திடீரெனச் சோர்ந்து, இறகைத் தொங்கவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாய் மடிகின்றன. அதே முற்றத்திற் கிளறித் திரியும் நாட்டுக் கோழிகளுக்கோ யாதொரு குறையுமில்லை. இதனைக் கண்டோர், சிலர் கண்ணூறு என்பர். வேறு சிலர் வான்கோழி இம்மண்ணுக்கு ஒத்துவராது என்பர். இரண்டாவது கூற்றில் ஓர் உண்மை மறைந்து கிடக்கின்றது. தீமை மண்ணில் இருப்பது மெய்யே. அத்தீமையை மண்ணில் இட்டது அதே முற்றத்துக் கோழியாகும்.

கருந்தலை நோய்

இவ்வாறு மடியும் குஞ்சுகளிற் பெரும்பாலானவை கருந்தலை நோயினால் மடிகின்றன. பெயரைக் கேட்டுத் தலை கறுக்கும் என எதிர்பார்த்தல் தவறு. நோயுற்ற பறவைகளுட் பலவற்றின் தலை கறுப்பதேயில்லை. கறுப்பதும் இந்நோய்க்கு மாத்திரம் உரிய அடையாளமன்று. பார்க்கவேண்டியது எச்சத்தையே. கந்தகத்தைப்போல மஞ்சள் நிறமான கழிச்சல் கண்டால் உடனே ஐயுறவேண்டும்.

நோயை உண்டாக்குவது இசுத்தோமோனசு எனப்படும், கண்ணுக்குப் புலப்படாத ஓரணுவுயிர். அமெரிக்க அறிஞரான தியோபால்ட் சிமித் 1895 ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். ஆனால் இவ்வுயிர் பறவையின் உடலுக்கு வெளியே வெறுமனே கிடந்தாற் சில மணி நேரத்துள் இறந்துவிடும். அவ்வாறாயின் ஆண்டு தோறும் அதே நிலத்தில் நோய் எவ்வாறு மீண்டும் தோன்றுகின்றது? இதற்கு விடை 1920 ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. சிமித்தும் அவருடன் பணிபுரிந்த கிரேபில் என்பவரும், கோழியின் குருட்டுக்குடலில் வாழும் சிறு புழுவொன்றின் முட்டைக்குள் இந்நோய் புகுந்து பரவுவதைக் காட்டினர்.

இப்புழு அரை அங்குல நீளமுடையது, வெண்ணிறமானது, நூல் துண்டு போன்றது. கறிக்கு வெட்டிய நாட்டுக் கோழியின் குருட்டுக்குடல் இரண்டையும் பிளந்து நீரில் அலசினால் எவரும் இதனைக் காணலாம். கோழிக்கு இப்புழுவினாற் பெருந்தீங்கு எதுவும் இல்லை; அதனாலேயே ஒருவரும் இதனைக் கவனிப்பதில்லை. புழுவின் முட்டை எச்சத்தோடு மண்ணில் விழுகின்றது. சூடும் ஈரமும் உள்ள மண்ணில் ஏறத்தாழ இரண்டு கிழமைகளில் அது நோய் பரப்பும் பருவத்தை அடைகின்றது. தடித்த ஓடு உடைமையால் மூன்று ஆண்டுகளுக்கு மேலும் மண்ணிற் கெடாது கிடக்க வல்லது. அம்முட்டையை மண்புழு விழுங்கினால், அதன் உடலிலும் புழுக்குஞ்சு அழியாது தங்கியிருக்கும். மாரி மழையில் மண்புழு மேலே வர, அதனை வான்கோழி ஆவலோடு கொத்தி உண்ண, நோய் குடலுட் புகுந்துவிடுகின்றது.

உட்புகுந்து ஏழு முதற் பன்னிரண்டு நாளில் நோய் வெளிப்படும். முதலிற் குருட்டுக்குடல் தடித்துப் பாற்கட்டி போன்ற பொருளால் நிறையும். பின்னர் நோய் ஈரலைத் தாக்கும். மடிந்த குஞ்சை அறுத்துப் பார்த்தால், ஈரலில் வட்ட வட்டமான, நடுவிற் குழிந்த, மஞ்சளும் பச்சையும் கலந்த தழும்புகளைக் காணலாம். இவை இரண்டும் ஒருங்கே இருப்பின் வேறு நோயென்று மயங்க இடமில்லை. வான்கோழிக் கூட்டமொன்றில் நோய் புகுந்தால் பத்திற் பெரும்பகுதி மடிதலும் உண்டு. மேலும், ஒரு குஞ்சு நோயுற்றால், அதன் புதிய எச்சத்திலிருந்து புழுவின் உதவி இல்லாமலே மற்றைய குஞ்சுகளுக்குத் தொற்றும். ஆதலின் சோர்ந்த குஞ்சை மாலை வரை பார்ப்போம் என்று விட்டுவைத்தல் கூடாது, கண்டவுடன் வேறாக்கவேண்டும்.

மருந்தை நம்பியிருத்தல் ஏன் தகாது

முற்காலத்தில் இந்நோய்க்குத் தீவனத்திற் கலக்கும் மருந்துகள் சில இருந்தன. அவற்றின் மீதி இறைச்சியிலும் முட்டையிலும் தங்கி மனிதருக்குத் தீங்கு செய்யலாம் என்பதால் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2003 ஆம் ஆண்டோடு இவை நின்றுபோயின. அமெரிக்காவிற் கடைசியாக எஞ்சியிருந்த நைற்றாசோன் என்னும் ஆசனிக்கு மருந்தும் 2015 ஆம் ஆண்டின் இறுதியில் விலக்கிக்கொள்ளப்பட்டது. மனிதரின் வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் மெற்றோனிடசோல் குளிசையை நீரிற் கரைத்து வான்கோழிக்கு ஊற்றுவோர் உளர். உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு இதனைக் கொடுத்தல் பல நாடுகளிற் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. மிருக வைத்தியரைக் கேளாமல் இதனைச் செய்தல் ஆகாது.

எனவே நோயைத் தீர்ப்பதை விட்டு, அதனைச் சுமந்துவரும் புழுவை ஒழிப்பதே வழி. இங்கும் ஒரு தடுமாற்றம் உண்டு. கடையிற் 'பூச்சி மருந்து' என்று கேட்டால் பிப்பரசீன் கொடுக்கப்படுவது வழக்கம். இரண்டு முதல் நான்கு அங்குல நீளமான பெரிய உருண்டைப் புழுவை அது நன்றாக வெளியேற்றும். குருட்டுக்குடற் புழுவையோ அது பெரும்பாலும் விட்டுவிடும். எச்சத்திற் பெரிய புழுக்கள் விழுந்ததைக் கண்டு, வேலை முடிந்தது என்று மகிழ்ந்திருக்கும் வீட்டில், நோயைச் சுமக்கும் சிறு புழு அப்படியே தங்கியிருக்கும். குருட்டுக்குடற் புழுவுக்குப் பென்பென்டசோல், லெவமிசோல் ஆகியவை பயன்தரும். அளவு பறவையின் நிறையைப் பொறுத்தது. ஆகவே இரண்டொரு பறவையை நிறுத்துப் பார்த்து, அந்நிறையைக் குறித்துக்கொண்டு அரச கால்நடை வைத்திய அலுவலகத்திற் கேட்டறிதல் வேண்டும். மருந்து கொடுத்த பின் எத்தனை நாள் முட்டையும் இறைச்சியும் விலக்கவேண்டும் என்பதையும் அப்பொழுதே கேட்டுக்கொள்க.

யாருக்கு மருந்து கொடுப்பது என்பதே இங்கு முதன்மையான வினா. வான்கோழிக்கு மாத்திரம் கொடுத்துக் கோழியை விட்டுவிடுதல், ஒழுகும் கூரையின் கீழ் நிலத்தைத் துடைப்பது போன்றது. புழுவின் பண்ணை கோழியே. வளவிலுள்ள கோழி அனைத்துக்கும் ஒரே நாளில் மருந்து கொடுக்கவேண்டும். உட்சென்ற முட்டை புழுவாகி வளர்ந்து மீண்டும் முட்டையிட ஏறத்தாழ நான்கு கிழமைகள் செல்லும். எனவே ஆண்டுக்கு ஒருமுறை கொடுத்துவிட்டு ஓய்ந்திருத்தல் போதாது. அடைவைப்புக்கு முன் ஒருமுறையும், ஐப்பசி மழை தொடங்குமுன் ஒருமுறையும் தவறாது கொடுத்து, இடையில் எச்சத்தைச் சோதிப்பித்து வைத்தியர் சொல்லும்போது மீண்டும் கொடுக்கலாம். சோதனைக்குக் காலை எச்சத்தைச் சுத்தமான சிறு போத்தலில் இட்டு, வெயில் படாமல், அன்றே கொண்டுபோதல் வேண்டும். மருந்து கொடுத்த அடுத்த மூன்று நான்கு நாளும் பறவைகளை அடைத்துவைத்து, விழும் எச்சத்தை அள்ளிவிடாவிட்டால், வெளியேறிய புழுவின் முட்டைகள் யாவும் மண்ணுக்கே சேரும்.

தொண்டைப் புழுவையும் இங்கு ஒரு சொல்லிற் குறிப்பிடல் வேண்டும். குஞ்சு கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறினால், மூச்சுக்குழாயில் இரத்தச் சிவப்பான இப்புழு இருக்கலாம். இதுவும் மண்புழு, நத்தை வழியாகவே வருகின்றது. மேற்கூறிய தடுப்பு இதற்கும் பொருந்தும்.

எருவும் தோட்டமும்

மரக்கறிச் செய்கையாளர் இப்பகுதியைச் சிறப்பாகக் கவனித்தல் நன்று. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் கோழி எருவை இடுதல் நல்ல வழக்கமே. ஆனால் கோழிக்கூட்டிலிருந்து அள்ளிய எருவை அப்படியே தோட்டத்திற் பரப்பி, வெட்டுக்கிளியையும் புழுவையும் பொறுக்கட்டும் என்று அதே தோட்டத்துக்குள் வான்கோழிகளை விடுகின்றனர். நோயைத் தட்டில் இட்டுப் பரிமாறுவதற்கு இதனை விடச் சிறந்த வழி வேறில்லை. நீரூற்றும் தோட்டத்திற் கோடையிலும் ஈரம் இருக்கும். மண்புழு மிகுதியாக இருக்கும். புழு முட்டைக்கும் அதுவே உகந்த இடம்.

கோழி எருவை வைக்கோல், இலைகுழையோடு அடுக்கிக் கூட்டெருவாக்கிய பின்னரே இடவேண்டும். குவியலின் நடுவே கையை வைக்கமுடியாத அளவுக்குச் சூடேறினால் முட்டைகள் அழியும். ஓரத்திற் கிடப்பவற்றையும் நடுவிற் சேர்க்கும்படி இரண்டு மூன்று முறை புரட்டுதல் அவசியம். பயிருக்கும் இதுவே நல்லது, புதிய கோழி எரு இளம் நாற்றின் வேரைச் சுடும். சுண்ணாம்பு தூவினால் மண் சுத்தமாகும் என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்லவேண்டும்: ஓடு தடித்த இம்முட்டைக்குச் சுண்ணாம்பு பெரும் பகையன்று. வெயிலும் வறட்சியுமே அதற்குப் பகை.

வான்கோழிகளை மேய விடுவதற்குச் சிறந்த நிலம், கோழி மேயாத நிலமாகும். சிறுபோக அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்த நெல்லும் பூச்சியும் கிடைக்கும். வீட்டுக் கோழி அவ்வளவு தூரம் போவதில்லை. அண்மையில் நாசினி தெளித்த வயலாயின் விலக்கவேண்டும். நீர் தேங்காத மணல் நிலமும் நன்று. வளவு சிறியதாயின், கம்பி வலையால் ஒரு பகுதியை அடைத்து வான்கோழிக்கென ஒதுக்குக. பல ஆண்டுகளாகக் கோழி திரிந்த கூட்டடியை அதற்குத் தெரிந்தெடுத்தல் வேண்டாம். காலையில் முதலில் வான்கோழிக்கு இரை வைத்துவிட்டு, அதன்பின் கோழிக்கூட்டுக்குச் செல்லும் பழக்கமும் உதவும். காலிலும் மண்வெட்டியிலும் ஒட்டிய மண்ணோடு முட்டையும் பயணம் செய்யும்.

அடைவைப்பும் குஞ்சு பேணலும்

ஒரு சேவலுக்கு ஆறு முதல் எட்டுப் பேடுகள் போதும். மிகப் பெரிய சேவலையே இனத்துக்கு வைத்திருத்தல் பெருமைக்கு உதவும், பேட்டுக்கு உதவாது. கனத்த சேவலின் நகம் பேட்டின் முதுகைக் கிழிப்பதால் பேடு சேவலுக்கு ஒதுங்கும், முட்டை கூமுட்டையாகும். நடுத்தரச் சேவலைத் தெரிந்து, அதன் நகத்தின் கூரை மழுக்கிவிடுக. முட்டைகளை நாள்தோறும் பொறுக்கி, கூர்முனை கீழாக, குளிர்ந்த இடத்தில் வைக்கவேண்டும். ஏழு நாளுக்கு மேற்பட்ட முட்டை அடைக்கு ஏற்றதன்று.

நத்தார்ச் சந்தைக்கு வேண்டிய பறவை வைகாசியிற் பொரிக்கவேண்டும். அதற்குச் சித்திரையில் அடைவைக்க, இருபத்தெட்டு நாளிற் குஞ்சு வெளிவரும். வடபகுதியிலும் கிழக்கிலும் அது கோடைக் காலமாதலால், குஞ்சின் இளம்பருவம் உலர்ந்த நாட்களிற் கழியும். மழை வரும்போது அவை ஐந்து மாதத்துப் பறவைகளாக இருக்கும்.

வழக்கத்தில், வான்கோழி முட்டையை நாட்டுக் கோழியின் கீழ் வைப்போர் பலர். கோழி மூன்று கிழமையிற் குஞ்சை எதிர்பார்ப்பது. வான்கோழிக்கு நான்கு கிழமை. பொறுமையுள்ள கோழி ஆறு முதல் எட்டு முட்டைகளை நன்றாகவே பொரிக்கும். பொரித்த பின் என்ன நடக்கின்றது என்பதே சிக்கல். தாய்க்கோழி குஞ்சுகளைத் தன் பழைய கிளறுமிடத்துக்கு அழைத்துச் சென்று, மண்ணைக் கிளறி, மண்புழுவைக் கூப்பிட்டுக் காட்டி ஊட்டுகின்றது. அதன் அன்பே குஞ்சுக்கு எமனாகின்றது. ஆதலின் வான்கோழிப் பேடே அடைகாக்குமாயின் அதனிடமே விடுக. கோழியையே வைக்கவேண்டியிருப்பின், அடைவைப்பதற்கு இரண்டு கிழமைக்கு முன் அதற்குப் புழு மருந்து கொடுத்து வேறாக்கி வைக்கவேண்டும். குஞ்சு பொரித்தவுடன் தாயையும் குஞ்சையும் நிலத்தில் விடாது, உயர்ந்த கூட்டில் வைக்கவேண்டும்.

அக்கூட்டை வீட்டிலுள்ள பொருளாலேயே ஆக்கலாம். நிலத்திலிருந்து மூன்றடி உயரத்திற் பனஞ்சலாகையால் ஒரு மேடை, அதன்மேல் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை, கூரைக்குக் கிடுகு. எச்சம் வலையூடு கீழே விழும். அதனை நாள்தோறும் அள்ளி எருக்குழியில் இட்டால், இரண்டு கிழமை மண்ணிற் கிடந்து முற்றவேண்டிய முட்டைக்கு அந்த இரண்டு கிழமை கிடைப்பதில்லை. குஞ்சுகளை மூன்று மாதம் வரை இவ்வாறு வைத்திருத்தல் நன்று. முதற் கிழமையில் மட்டும் வலையின்மேற் சாக்கு விரித்து, அதனைத் தினமும் மாற்றுக. இல்லையேற் கால் வலையிற் சிக்கும்.

வான்கோழிக் குஞ்சு இரைமுன் நின்றே பட்டினியால் மடியும் இயல்புடையது. அதற்குக் கண் மந்தம். கோழிக்குஞ்சைப்போலத் தானே இரையைக் கண்டுகொள்ளாது. முதல் நாள் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் நீரில் ஒருமுறை தோய்த்துவிட வேண்டும். தீவனத்தின்மேல் அரிந்த வெங்காயத் தாளையோ முருங்கை இலையையோ தூவினால் பச்சை நிறம் கண்ணை இழுக்கும். பத்துக் குஞ்சுக்கு ஓர் அவித்த முட்டை வீதம் நறுக்கி இரண்டு கிழமை வரை கொடுக்கலாம். கோழிக்குஞ்சுத் தீவனத்தை விட வான்கோழிக் குஞ்சுக்குப் புரதம் கூடுதலாக, முதல் நான்கு கிழமையும் நூற்றுக்கு 28 பங்கு, வேண்டும். அதற்காக உப்பிட்ட கருவாட்டுத் தூளைச் சேர்த்தல் ஆபத்து. உப்பு மிகுந்தாற் குஞ்சு நீரை அருந்தி அருந்தி மடியும். உப்பில்லாத மீன் தூளே ஏற்றது. கறையான் கொடுக்க விரும்புவோர், கோழி திரியாத இடத்துப் புற்றிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். நீர்ப் பாத்திரம் ஆழமற்றதாய், உள்ளே கூழாங்கற்கள் இட்டதாய் இருக்கட்டும். முதற் கிழமையிற் கூட்டின் சூடு 35 பாகை சதமளவில் இருத்தல் வேண்டும். கிழமைக்கு மூன்று பாகை வீதம் குறைத்துவரலாம். வெப்பமானி இல்லாதவர் குஞ்சையே பார்க்க: விளக்கடியில் நெருங்கிக் குவிந்தாற் குளிர், மூலைக்கு ஒதுங்கி வாய் திறந்தாற் சூடு.

மயிலைப் பற்றி

கோழி, வான்கோழி, மயில், கவுதாரி, காடை ஆகியன யாவும் ஒரே குடும்பத்துப் பறவைகள். ஆதலின் மேற்கூறிய புழுவும் நோயும் மயிலையும் தாக்கும். நெல் அறுக்கும்போது வயலோரத்திற் காணும் மயில் முட்டைகளைக் கொண்டுவந்து அடைக்கோழியின் கீழ் வைத்துப் பார்ப்போர் உளர். பொரித்த குஞ்சுகள் சில மாதத்துள் மடிவதன் காரணமும் பெரும்பாலும் இதுவே. அன்றியும், மயில் 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாற் காக்கப்படும் பறவை. அதன் முட்டையை எடுத்தலும், அனுமதியின்றி அதனை அடைத்து வளர்த்தலும் குற்றமாகும். மயிலாற் பயிர் இழந்த கமக்காரருக்கு இச்சட்டத்தின்மீது மனக்குறை உண்டு. அது வேறாக ஆராயவேண்டிய விடயம்.

விலங்குக் காட்சிச்சாலைகளிலும் அனுமதி பெற்ற பிற இடங்களிலும் மயில் பேணுவோர், முதலில் அக்கூட்டிலிருந்து கோழியையும் வான்கோழியையும் அகற்றவேண்டும். காட்சிக்கு அழகென்று எல்லாவற்றையும் ஒரே அடைப்பில் விடுவதே அங்கு நேரும் பெரும் பிழை. பேடு இரண்டாம் ஆண்டிலும் சேவல் மூன்றாம் ஆண்டிலும் இனவிருத்திக்கு வரும். தோகை நிறைவதும் மூன்றாம் ஆண்டிலேயே. அடைக்காலம் வான்கோழியைப்போல இருபத்தெட்டு நாள். மயிற்குஞ்சு மிக இளமையிலேயே மேலே பறந்து ஏறித் தங்க விரும்புமாதலால், கூட்டினுள் தாழ்ந்த தாங்குதடி ஒன்று வேண்டும். இனவிருத்திக் காலத்துக்கு முன் எச்சச் சோதனையும் புழு மருந்தும் முடிந்திருக்கவேண்டும். அடைகாக்கும் பேட்டைப் பிடித்து வாயைத் திறந்து மருந்து ஊற்றினால், அது முட்டையை விட்டெழுந்து போய்விடும்.

விற்பனைக் காலம்

கார்த்திகையிற் பறவையைக் கொழுக்கவைக்கும்போது, புழு மருந்தின் விலக்கு நாட்கள் முடிந்தனவா என்று குறிப்பைப் பார்த்துக்கொள்க. மடிந்த பறவையை நாய்க்குப் போடாமலும் வாய்க்காலில் எறியாமலும், ஆழமாகப் புதைக்கவேண்டும். முதலில் மடிந்ததை மட்டும் புதைக்காது, உடனே மிருக வைத்தியரிடம் காட்டினால், எஞ்சியவற்றைக் காக்க வழியுண்டு.

நல்ல விலை கிடைக்கின்றதே என்று இனத்துக்கு வைத்த பேடுகளையும் சேர்த்து விற்றுவிடுவோர் பலர். தை மாதத்தில் அவர்கள் வேறிடத்துப் பறவையை வாங்கவேண்டியிருக்கும். அதனோடு அவ்விடத்துப் புழுவும் வளவுக்கு வந்துசேரும். வாங்கியே ஆகவேண்டுமாயின், வந்த பறவைக்கு முதல் நாளே மருந்து கொடுத்து, நான்கு கிழமை உயர்ந்த கூட்டில் வேறாக வைத்து, எச்சம் சோதித்த பின்னரே நிலத்தில் இறக்குக.